சிமுலேட்டரில் ஃபீபிக்குப் போவது ஏன் இவ்வளவு படுத்துகிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்கலத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆர்பிட்டர் சிமுலேட்டரில் சனியின் வெளி நிலவான ஃபீபியை நீங்களே ஒரு கோப்பு எழுதிச் சேர்த்திருக்கிறீர்கள். சனியின் மற்ற நிலவுகளான ரியா, டைட்டன் எல்லாம் போய் இறங்கிப் பழகிய கை. அதே பாணியில் சனியின் வளையத் தளத்தில் சுற்றுப்பாதை அமைத்து, அதைப் படிப்படியாக 1.3 கோடி கி.மீ. வரை உயர்த்தி, ஃபீபி இருக்கும் தூரத்திலேயே நின்றீர்கள். ஆனால் அது நொடிக்கு 3 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் எதிரே வந்து கடந்து போய்விட்டது. ஒருமுறை ஆயிரம் கி.மீ. அருகில் போயும் அதன் ஈர்ப்பில் கப்பல் மாட்டவில்லை. கோப்பில் தப்பா, ஓட்டியதில் தப்பா என்று கேட்கிறீர்கள்.

கோப்பை இன்னும் சோதிக்க வேண்டும், அதைப் பிறகு சொல்கிறேன். ஓட்டியதில் நிச்சயம் தப்பு இருக்கிறது. டைட்டனைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும் இன்னொரு நிலவு என்று நினைத்து ஃபீபியை அணுகியிருக்கிறீர்கள். ஃபீபி அந்தக் குடும்பமே இல்லை. சூரியனைச் சுற்றிக்கொண்டிருந்து பிற்பாடு சனியிடம் சிக்கிய பொருள் என்பதுதான் இன்று பெரும்பாலானோர் ஏற்றுக்கொள்ளும் விளக்கம். அதன் பாதையும் அப்படித்தான் இருக்கிறது. எனவே சனியின் நிலவுக்குப் போகும் திட்டத்தை மறந்துவிட்டு, சனிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சிறுகோளுக்குப் போகும் திட்டத்தைப் போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

முதலில் தளம். சனியின் உள் நிலவுகள் எல்லாம் கிட்டத்தட்ட அதன் நிலநடுக்கோட்டுத் தளத்தில், வளையங்களோடு சேர்ந்து ஓடுகின்றன. அந்தத் தளம் சனியின் சுற்றுப்பாதைத் தளத்துக்கு 26.7 டிகிரி சாய்ந்தது. சனி துருவங்களில் தட்டையாகி, நடுவில் பிதுங்கி இருப்பதால் கிட்டே இருக்கும் நிலவுகளை அந்தப் பிதுக்கம் தன் தளத்திலேயே பிடித்து வைத்திருக்கிறது. 1.3 கோடி கி.மீ. தூரத்தில் அந்தப் பிதுக்கத்தின் பிடி செல்லாது; அங்கே சூரியனின் இழுப்புதான் தளத்தைத் தீர்மானிக்கிறது. அதனால் ஃபீபியின் பாதை வளையங்களைப் பொருட்படுத்துவதில்லை. அது சனி சூரியனைச் சுற்றும் தளத்தை ஒட்டி நடக்கிறது, அதுவும் எதிர்த்திசையில். சூரியவீதித் தளத்தை (பூமி சூரியனைச் சுற்றும் தளம்) வைத்து அளந்தால் சாய்வு சுமார் 175 டிகிரி. அதாவது ஏறக்குறைய தட்டையான, பின்னோக்கிய ஓட்டம். அதையே சனியின் நிலநடுக்கோட்டை வைத்து அளந்தால் சுமார் 152 டிகிரி வரும்.

கப்பலின் சுற்றுப்பாதை எண்களைக் காட்டும் ஆர்பிட் எம்.எஃப்.டி. திரையில் இதை நீங்களே பார்க்கலாம். மையமாக சனியை வைத்து, இலக்காக ஃபீபியைக் கொடுத்து, ஃபிரேம் பொத்தானை அழுத்துங்கள். சூரியவீதிக்கும் நிலநடுக்கோட்டுக்கும் மாறி மாறி வரும்போது ஃபீபியின் சாய்வு எண் இந்த இரண்டுக்கும் இடையே தாவ வேண்டும். தாவி வரும் எண்கள் இவை இல்லையென்றால் கோப்பில் கோளாறு.

இப்போது உங்கள் 3 கி.மீ. வேகத்துக்கு வருவோம். அந்தத் தூரத்தில் சனியைச் சுற்றும் வேகம் நொடிக்கு சுமார் 1.7 கி.மீ. நீங்கள் ஒரு திசையில் 1.7, ஃபீபி எதிர்த்திசையில் 1.7. இரண்டு தளங்களும் சாய்ந்திருப்பதால் கூட்டினால் முழு 3.4 வராது, 3.3 வரும். ஒற்றைச் சாலையில் நேருக்கு நேர் வரும் இரண்டு பேருந்து நிலைமைதான். இதைச் சரிசெய்ய கப்பலைத் திருப்புவது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் வேகம் முழுவதையும் அழித்து மறுபக்கம் மீண்டும் அதே வேகத்தை எடுக்க வேண்டும். எரிபொருள் தாங்காது.

அடுத்து கோப்பு. ஆர்பிட்டரில் ஒரு நிலவைச் சேர்க்க அதன் சுற்றுப்பாதை எண்களைக் கொடுக்கிறோம். இங்கே நாலு இடத்தில் கால் வழுக்கும்.

எல்-ரெஃபரன்ஸ் என்ற வரி, நீங்கள் கொடுக்கும் எண்கள் எந்தத் தளத்தில் அளந்தவை என்று சொல்கிறது. 175 என்று சாய்வைக் கொடுத்துவிட்டு அந்த வரியில் தாய்க்கோளின் நிலநடுக்கோடு என்று போட்டால், ஃபீபி வளையத் தளத்திலேயே பின்னோக்கி ஓடத் தொடங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் அது ஃபீபி இல்லை. கோள்கள், நிலவுகளின் இடத்தைக் கணித்துத் தரும், நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தின் ஹொரைசன்ஸ் சேவையில் ஃபீபிக்கு எண் 609. மையமாக சனியை (699) வைத்து, சூரியவீதித் தளத்தில் கேட்டு வாங்கி, கோப்பிலும் சூரியவீதி என்றே போடுங்கள்.

அப்புறம் கோணங்கள். ஹொரைசன்ஸ் ஏறுகணுவின் (பாதை சூரியவீதித் தளத்தைக் கீழிருந்து மேலாகக் கடக்கும் இடம்) கோணத்தையும் அங்கிருந்து அண்மைப்புள்ளி (சனிக்கு மிக அருகில் வரும் இடம்) வரையிலான கோணத்தையும் தனித்தனியாகத் தரும். ஆர்பிட்டர் கேட்பது இரண்டையும் கூட்டிய நெடுங்கோணம். சராசரி நெடுங்கோணத்துக்கு மூன்றாவதாக சராசரி பிறழ்வையும் (அண்மைப்புள்ளியிலிருந்து சராசரி வேகத்தில் நகர்ந்த கோணம்) சேர்த்துக் கூட்ட வேண்டும். பின்னோக்கி ஓடும் நிலவுகளுக்குச் சில அட்டவணைகளில் கூட்டுவதற்குப் பதில் கழித்துப் போட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட அட்டவணையிலிருந்து எடுத்தால் ஃபீபி வானத்தின் வேறு மூலையில் போய் நிற்கும். தனித்தனிக் கோணங்களை எடுத்து நீங்களே கூட்டிக்கொள்வது உத்தமம்.

மூன்றாவது, தேதி. ஃபீபியின் பாதை ஒரே நீள்வட்டமாக நிலைத்திருப்பதில்லை. அந்தத் தூரத்தில் சூரியன் செய்யும் குளறுபடி சனியின் இழுப்பில் ஏறக்குறைய அரை சதவீதம். கேட்க அற்பமாக இருக்கிறது. ஆனால் 1.3 கோடி கி.மீ.யில் அரை சதவீதம் என்றாலே 65,000 கி.மீ. நாம் தேடிப் போகும் பொருளோ வெறும் 213 கி.மீ. விட்டம். 2000ஆம் ஆண்டுக்கான எண்களைப் போட்டுவிட்டு 2030இல் ஓட்டினால், உண்மையான ஃபீபிக்கும் உங்கள் ஃபீபிக்கும் சம்பந்தமே இருக்காது. எந்த மாதத்தில் போய்ச் சேரப் போகிறீர்களோ அந்த மாதத்து எண்களை வாங்குங்கள்.

நாலாவது, எலிப்டிக் ஆர்பிட் என்ற வரி. அதை உண்மை என்று வைத்தால் ஃபீபி வரைந்த கோட்டில் ரயில் போல ஓடும். சூரியனின் தொந்தரவு கணக்கில் வராது. பொய் என்று வைத்தால் சிமுலேட்டர் ஒவ்வொரு கணமும் ஈர்ப்புகளைக் கூட்டி அதை நகர்த்தும். கேட்க நன்றாக இருந்தாலும் காலத்தைப் பல்லாயிரம் மடங்கு வேகமாக ஓட்டும்போது பிழை சேர்ந்துகொண்டே போகும். என் கட்சி முதலாவது. கிட்டத்து தேதி எண்களைக் கொடுத்து, பாதையை இறுக்கிக் கட்டிவிடுங்கள். சில மாதப் பயணத்துக்கு அது போதும். கெர்பல் என்ற விண்வெளி விளையாட்டை ஆடுபவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அங்கே எல்லாக் கோள்களும் நிலவுகளும் எப்போதும் வரைந்த கோட்டில்தான். மூல விளையாட்டில் கோள்களுக்கு அச்சுச் சாய்வுகூட இல்லை. எல்லா ஈர்ப்புகளையும் கூட்டிக் கணக்கிடும் பிரின்சிபியா என்ற கூடுதல் நிரலைப் போட்டால் மட்டும் அவர்களும் நம் கூட்டத்தில் சேர்வார்கள்.

மீதி எண்கள் எளிது. சராசரி ஆரம் 106.5 கி.மீ., அதை மீட்டரில் கொடுக்க வேண்டும். நிறை 8.3 × 10^18 கி.கி. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 9 மணி 16 நிமிடம். மேற்பரப்பின் படத்தைக் கொஞ்சம் கருப்பாகவே விடுங்கள். படும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாத பொருள் அது. வடிவத்தை உருளைக்கிழங்கு மாதிரி கோணல்மாணலாக ஆக்க வேண்டியதில்லை. நீள அகல உயரங்களுக்கு இடையே சுமார் 15 கி.மீ. வித்தியாசம்தான், பெரிய பள்ளங்கள் கடித்துவைத்த, கொஞ்சம் தட்டையான உருண்டை. ஜேசன் என்ற பள்ளம் மட்டும் 100 கி.மீ. அகலம், நிலவின் விட்டத்தில் பாதி.

கோப்பு சரியா என்று பார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. 2004 ஜூன் 11 அன்று காசினி விண்கலம் ஃபீபியை 2,068 கி.மீ. தூரத்தில் கடந்தது, உலக நேரப்படி இரவு ஏழரை மணியளவில். ஹொரைசன்ஸில் காசினியும் இருக்கிறது. எண் மைனஸ் 82. முந்தைய நாள், ஜூன் 10க்கான அதன் இடத்தையும் திசைவேகத்தையும் எடுத்து, ஒரு கப்பலை அதே இடத்தில் அதே வேகத்தில் வைத்து ஒரு காட்சிக் கோப்பு எழுதுங்கள். எஞ்சினைத் தொடாதீர்கள். மறுநாள் ஏழரை மணிக்கு ஃபீபி ஜன்னலில் பெரிதாகத் தெரிந்து, தூரம் 2,000 கி.மீ.க்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் கோப்பு தேறிவிட்டது. ஒன்றை மறக்கக் கூடாது: ஆர்பிட்டரின் அச்சுகள் இடக்கை முறை. ஹொரைசன்ஸ் தரும் இரண்டாவது, மூன்றாவது எண்களை இடம் மாற்றிப் போட வேண்டும், இடத்துக்கும் வேகத்துக்கும் இரண்டுக்குமே. மாற்றாமல் விட்டால் கப்பல் எங்கோ வானத்தில் தொங்கும், நீங்கள் அநியாயமாக ஃபீபியைத் திட்டுவீர்கள்.

காசினி ஏன் அன்று போனது என்பதிலும் நமக்குப் பாடம் இருக்கிறது. சனியின் சுற்றுப்பாதையில் அது நுழைந்தது ஜூலை 1ஆம் தேதி. உள்ளே போகும் வழியில், இருபது நாள் முன்னாடி ஃபீபியைப் பார்த்துவிடும்படி வந்து சேரும் தேதியையே பார்த்துப் பார்த்து வைத்திருந்தார்கள். அதன் பிறகு 13 ஆண்டு சனியைச் சுற்றியும் ஃபீபிக்கு அருகே காசினி போகவே இல்லை. உள்ளே போனபின் வெளியே வருவது அவ்வளவு செலவு.

சரி, ஓட்டும் வழி. பூமியிலிருந்து சிக்கனமான பாதையில் வந்தால் சனியின் எல்லையை நொடிக்கு சுமார் 5.4 கி.மீ. மிகுவேகத்தோடு (சனியின் இழுப்பு கூட்டுவதற்கு முன் இருக்கும் வேகம்) தொடுவீர்கள். அந்தப் பாதை ஏற்கெனவே சூரியவீதித் தளத்தை ஒட்டித்தான் இருக்கும். அதாவது ஃபீபியின் தளத்துக்கு நீங்கள் வரும்போதே கிட்டத்தட்டப் பொருந்தி வருகிறீர்கள். வளையத் தளத்துக்கு மாறுவதுதான் நீங்கள் வலிய விலைக்கு வாங்கும் வம்பு.

திசையைத் திருப்பவும் செலவில்லை, தூரத்தில் இருக்கும்போதே செய்தால். சனியின் எந்தப் பக்கமாகக் கடக்கிறீர்கள் என்பதுதான் சுற்றும் திசையைத் தீர்மானிக்கிறது. வழக்கமாகக் கடக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் குறிவையுங்கள். பல மாதம் முன்னால் நொடிக்குச் சில பத்து மீட்டர் திருத்தம் போதும். பயணத்தைத் திட்டமிட உதவும் டிரான்ஸ்எக்ஸ், ஐ.எம்.எஃப்.டி. திரைகள் இரண்டிலும் இதைச் செய்யலாம். சாய்வு 90க்கு மேல் போய் 170களில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஃபீபியை நேராகப் போய்ப் பிடிக்கலாமே என்று தோன்றும். செலவைப் பாருங்கள். அந்தத் தூரத்தில் உங்கள் வேகம் நொடிக்கு 5.9 கி.மீ., ஃபீபியின் வேகம் 1.7. இருவரும் ஒரே திசையில் போகும் நல்ல சந்தர்ப்பத்திலேயே 4.2 கி.மீ. வேகத்தைக் கொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக சனியின் மையத்திலிருந்து 1.5 லட்சம் கி.மீ. வரை தாழ்வாக விழுந்து, அங்கே, நொடிக்கு 23 கி.மீ. வேகத்தில் பறக்கும்போது எஞ்சினைப் போடுங்கள். வேகம் அதிகமாக இருக்கும் இடத்தில் எரிக்கும் எரிபொருளுக்குப் பலன் அதிகம். அங்கே 0.77 கி.மீ. குறைத்தாலே 1.3 கோடி கி.மீ. வரை நீளும் நீள்வட்டத்தில் விழுந்துவிடுவீர்கள். சுமார் 100 நாள் கழித்து சேய்மைப்புள்ளிக்கு (பாதையில் சனியிலிருந்து மிகத் தொலைவான இடம்) ஏறும்போது உங்கள் வேகம் வெறும் 0.26. ஃபீபியோடு சேர இன்னும் 1.45. ஆக மொத்தம் 2.2 கி.மீ., நேர்வழியின் செலவில் பாதி.

இன்னும் தாழ்ந்து 80,000 கி.மீ.யில் எஞ்சின் போட்டால் மொத்தத்தில் 0.13 கி.மீ. மிச்சமாகும். காசினி ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் எஞ்சின் போட்டது. அதன் பாதையோ வளையத் தளத்தை எஃப், ஜி வளையங்களுக்கு இடைப்பட்ட வெளியில் கடக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆர்பிட்டரில் வளையங்கள் வெறும் படம். ஊடே போனாலும் ஒரு கீறல் விழாது. இருந்தாலும் நான் 1.5 லட்சத்தையே எடுப்பேன். அந்த உயரத்தில் பிரதான வளையங்கள் முழுக்க உள்ளே தள்ளி இருக்கும், 0.13க்காகக் கண்ணை மூடிக்கொண்டு பனிக்கட்டிகளுக்குள் புகுவதில் சுவாரசியம் இல்லை.

கவனித்தீர்களா, இந்த நீண்ட நீள்வட்டத்தில் திசை தப்பாகப் போனாலும் நஷ்டம் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை. சேய்மைப்புள்ளியில் நீங்கள் ஏறக்குறைய நின்றுகொண்டிருக்கிறீர்கள். முன்னோக்கிப் போயிருந்தால் 1.45க்குப் பதில் 1.97 ஆகியிருக்கும், அவ்வளவுதான். உங்களைக் கொன்றது திசை மட்டுமில்லை, அங்கே போய் வட்டப்பாதை அமைத்ததும்தான். சந்திக்கும் வரைக்கும் வட்டம் போடாதீர்கள்.

ஃபீபியின் பாதையும் வட்டமில்லை. 1.08 கோடி கி.மீ.யிலிருந்து 1.5 கோடி வரை போய்வரும். தூரத்தில் இருக்கும்போது மெதுவாக, நொடிக்கு 1.45 கி.மீ. வேகத்தில் நகரும், அங்கே பிடித்தால் மொத்தச் செலவு 2 கி.மீ.க்குள் அடங்கும். பயணம் 124 நாளாக நீளும், பரவாயில்லை.

உண்மையான சிரமம் நேரம் பொருத்துவது. நீங்கள் வரும் திசை மாறாததால் நீள்வட்டத்தின் நீண்ட முனை எங்கே நீளும் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடும். நீங்கள் அங்கே ஏறும் நாளில் ஃபீபியும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு ஒரு சுற்று 550 நாள். நாளொன்றுக்கு ஒன்றரை லட்சம் கி.மீ. நகர்கிறது. சனிக்கு வரும் தேதியை முன்பின் தள்ளுவதுதான் முதல் வழி. அது கைவிட்டுப் போய்விட்டால், பிடிபட்ட முதல் நீள்வட்டத்தை வேண்டுமென்றே பெரிதாகவோ சிறிதாகவோ வைத்து ஒரு சுற்று காத்திருங்கள்.

நெருங்கும்போது கால வேகத்தைக் குறைக்க மறக்காதீர்கள். கெர்பல் மாதிரி ஈர்ப்பு எல்லை வகுக்கும் கணக்கில் ஃபீபியின் எல்லை சுமார் 9,500 கி.மீ. ஆரம். நொடிக்கு 1.5 கி.மீ. வேகத்தில் அதை நடுவாகக் குறுக்கே கடக்க மூன்றரை மணி நேரம். ஒரு லட்சம் மடங்கு வேகத்தில் ஓட்டினால் உங்கள் கடிகாரத்தில் அது நொடியில் எட்டில் ஒரு பங்கு. கண் சிமிட்டினால் போச்சு. ஒரு லட்சம் கி.மீ.யிலேயே நூறு மடங்குக்கு இறக்கிவிடுங்கள்.

ஆயிரம் கி.மீ. அருகே போயும் ஈர்ப்பில் மாட்டவில்லை என்றீர்கள். அங்கே விடுபடு வேகம் நொடிக்கு 33 மீட்டர். உங்கள் ஒப்புவேகம் (ஃபீபியோடு ஒப்பிடும்போது உங்கள் வேகம்) அதற்குக் கீழே இல்லாவிட்டால் ஃபீபி உங்களைக் கவனிக்கவே கவனிக்காது. பிரேக் முழுக்க உங்கள் எஞ்சின் வேலை. நொடிக்கு நொடி ஒரு மீட்டர் வேகம் குறைக்கும் எஞ்சின் என்றால் 1.5 கி.மீ.யைக் கொல்ல 25 நிமிடம் ஆகும், அதற்குள் 1,100 கி.மீ. ஓடியிருப்பீர்கள். அந்தத் தூரம் இருக்கும்போதே தொடங்க வேண்டும். இதை விண்வெளி நிலையத்தில் இணைவது மாதிரி செய்யுங்கள்: முதலில் ஒப்புவேகத்தைச் சுழியாக்கி, பிறகு மெல்ல நகர்ந்து, மையத்திலிருந்து 300 கி.மீ.க்குள் வந்தபின் சுற்றுப்பாதைக்கு முயலுங்கள். ஆர்பிட் எம்.எஃப்.டி.யில் மையமாக ஃபீபியைக் கையால் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். தானாகத் தேர்ந்தெடுக்க விட்டால் சனியிலேயே ஒட்டிக்கொள்ளும், எண்கள் அபத்தமாக இருக்கும்.

மையத்திலிருந்து 150 கி.மீ.யில் சுற்றும் வேகம் நொடிக்கு 61 மீட்டர், ஒரு சுற்றுக்கு 4 மணி 20 நிமிடம். 250 கி.மீ.யில் ஃபீபியின் சுழற்சியோடு பொருந்திவிடும். பிரதான எஞ்சினை இதற்குமேல் தொட வேண்டாம். ஒரே நொடி தட்டினாலே பாதை உருமாறிவிடும். சிறு உந்திகளே தாராளம்.

இறங்குவதில் பொறுமைதான் வேண்டும். மேற்பரப்பு ஈர்ப்பு பூமியில் இருநூறில் ஒரு பங்கு. 10 டன் கப்பலின் எடை அங்கே பூமியில் 50 கிலோ தூக்குகிற அளவுதான். ஒரு கி.மீ. உயரத்தில் எஞ்சினை அணைத்தால் கீழே வந்து தொட மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் தொடும்போது நொடிக்கு 10 மீட்டர், அது காலை உடைக்கும் வேகம். நூறு மீட்டரிலேயே நின்று, நொடிக்கு அரை மீட்டரில் இறக்குங்கள். பக்கவாட்டு வேகத்தை முதலில் கொல்லுங்கள்; தரையின் பிடி குறைவாக இருப்பதால் தொட்டபின் வழுக்கிக்கொண்டே போகும், துள்ளினால் மீண்டும் தரைதொட நிமிடக்கணக்கில் ஆகும்.

திரும்பி வருவதற்கும் இப்போதே எரிபொருள் கணக்குப் போட்டுவிடுங்கள். ஃபீபியை விட்டுக் கிளம்ப நொடிக்கு 100 மீட்டர் போதும், அது சில்லறை. சனியை விட்டுக் கிளம்ப வந்த வழிதான்: 1.45 கி.மீ. குறைத்து சனியை நோக்கி விழுந்து, தாழ்ந்த இடத்தில் 0.77 கூட்டி வெளியேற வேண்டும். ஃபீபியிலிருந்தே நேராகத் தள்ளினால் மீண்டும் அந்த 4.2 கி.மீ. வந்து நிற்கும். போக 2.2, வர 2.2, திருத்தங்களுக்குக் கொஞ்சம் என்று சனிக்கு வந்து சேரும்போது தொட்டியில் நொடிக்கு 5 கி.மீ.க்கான டெல்டா-வி (எரிபொருளால் வேகத்தை மாற்றும் திறன்) இருந்தால் நிம்மதி.